நாற்று நட்ட முதல் 35 நாள்: தக்காளி, மிளகாய் வேரைக் கீழே இறக்குவது எப்படி?

முதல் முறை தக்காளி நட்டபோது ஒரு மாதம் வரை என் காட்டைப் பார்த்துப் போகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். செடி கருகருவென்று நின்றது. சொட்டுநீர் போட்டிருந்தேன், தினமும் காலையில் 15 நிமிடம் வால்வைத் திறந்துவிடுவேன், வேலை முடிந்தது. பங்குனியில் மோட்டார் காயில் கருகியது. ரீவைண்டிங் முடிந்து வர மூன்று நாள். அந்த மூன்று நாளில் அரை ஏக்கரும் தொங்கிப்போனது. இத்தனைக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வாய்க்காலில் தண்ணீர் கட்டி ஐந்து நாள் ஆகியிருந்தது, அவருடைய செடி அசையாமல் நின்றது.

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுவதும் ஒரு கைப்பிடி உருண்டையாக, மேல் நான்கு அங்குல மண்ணிலேயே சுருண்டு கிடந்தது. பெரியவர் பார்த்துவிட்டு, "தெனமும் வாயில ஊட்டியுட்டா அது எதுக்குத் தம்பி கீழ எறங்குது? கொஞ்சம் ஏங்க விடோணும்" என்றார்.

சரி என்று அடுத்த நடவில் ஏங்க விட்டேன். அதிலும் தோற்றேன். அவர் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்திருந்தது. மூன்றாவது நடவில்தான் தேறியது. தாராபுரம் பக்கத்துச் செவ்வல் மண்ணில், அரை ஏக்கரில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்கள் என்னைப் போல இரண்டு பட்டம், அதாவது இரண்டு சாகுபடிப் பருவம், இழக்க வேண்டாம்.

1. முதலில் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

தண்ணீர் எங்கோ ஆழத்தில் இருந்தால் வேர் தேடிக்கொண்டு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். வேர் ஈரமான பக்கம் வளையும், ஈரம் படுகிற பக்கத்தில்தான் பக்கவேரும் விடும். ஆனால் எட்ட முடியாத தூரத்தில் இருக்கும் ஈரம் அதற்குத் தெரியாது. நடுவில் ஒரு சாண் காய்ந்த மண் இருந்தால் அதைத் துளைத்துக்கொண்டு போகாது. காய்ந்த செவ்வல் எப்படி இறுகும் என்று கடப்பாரை போட்டவர்களுக்குத் தெரியும். கடப்பாரையே எகிறுகிற மண்ணில் நூல் போன்ற வேர் என்ன செய்யும்?

மறுபக்கம், எப்போதும் சொதசொதவென்று இருக்கும் மண்ணிலும் வேர் ஓடாது. வேருக்கு மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டும். மண்ணின் மொத்தக் கொள்ளளவில் காற்று பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்களின் வேர் திணறத் தொடங்கும்.

இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு வேலை. மண்ணில் லேசான காய்ச்சல், அதாவது ஈரக் குறைவு, வந்ததும் செடி முதலில் இலை வளர்வதைக் குறைக்கிறது, வேர் வளர்ச்சியை அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. செய்த உணவில் கூடுதல் பங்கு வேருக்குப் போகிறது. அந்த நேரத்தில் கீழே ஈரம் இருந்தால் வேர் அங்கே இறங்கும். கீழேயும் காய்ந்திருந்தால் எங்கேயும் போகாது, செடி குட்டையாகி நின்றுவிடும். என் இரண்டாவது தோல்வி இதுதான். மேல் மண்ணை மட்டும் நனைத்து நட்டுவிட்டு, "ஏங்கட்டும்" என்று விட்டுவிட்டேன்.

ஆக, கீழே ஈரம், மேலே காய்ச்சல். நெல்லுக்குச் சொல்லும் "காய்ச்சலும் பாய்ச்சலும்" இங்கேயும் உண்டு, ஆனால் பாய்ச்சல்தான் முதலில்.

2. காகித வேலையை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

வேரைப் பற்றிச் சொல்ல வந்தவன் காகிதத்துக்கு ஏன் போகிறேன் என்றால், தண்ணீரை அளந்து கொடுக்கச் சொட்டுநீர் வேண்டும், அதற்கு அரசு மானியம் இருக்கிறது, அதைச் சரியான நேரத்தில் வாங்காததால்தான் எனக்கு ஒரு பட்டமே தள்ளிப்போனது.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர்களுக்கு, சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம். மற்றவர்களுக்கு 75 சதவீதம். காய்கறி என்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுக வேண்டும். மிமிஸ் என்ற நுண்ணீர்ப் பாசன இணையதளத்தில் பதிவு செய்வார்கள், உழவன் செயலி வழியாகவும் பதியலாம். கையில் வைத்திருக்க வேண்டியவை:

- சிட்டா (அரசின் இ-சேவை நிலப்பதிவுத் தளத்தில் இலவசமாக எடுக்கலாம்)
- அடங்கல் (கிராம நிர்வாக அலுவலரிடம்)
- நில வரைபடம் (எஃப்.எம்.பி)
- சிறு, குறு விவசாயி சான்று (இ-சேவை மையத்தில் விண்ணப்பம், எனக்குக் கட்டணம் 60 ரூபாய்)
- ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக நகல், புகைப்படம்
- மண், நீர் பரிசோதனை அறிக்கை

பொறிகள் இங்கேதான். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் ஒன்றும் நகராது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம் முடித்துவிட்டு வர வேண்டும், எனக்கு இதற்கே நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. பட்டாவில் "சுப்பிரமணி", ஆதாரில் "சுப்ரமணியன்" என்று இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று முதல் நாளே விசாரியுங்கள். அடங்கலில் கிணறோ போரோ பதிவாகியிருக்கிறதா, பயிர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

இன்னொன்று. 100 சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த விலைக்கு மட்டும். லேட்டரலை (செடி வரிசையோரம் ஓடும் சொட்டுநீர்க் குழாய்) அதைவிட நெருக்கமாகப் போடச் சொன்னால் கூடுதல் செலவு உங்களுடையது. குழாய்க்குக் குழி எடுப்பது, மூடுவது என் கையில்தான் விழுந்தது. ஜேசிபிக்கு இரண்டு மணி நேர வாடகை போனது.

விண்ணப்பித்ததிலிருந்து தண்ணீர் சொட்டும் வரை எனக்கு இரண்டரை மாதம். இதைக் கணக்கில் வைத்து நாற்றுக்குச் சொல்லுங்கள். நாற்று தயாராகி, டிரிப் வரவில்லை என்றால் முற்றிய நாற்றை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

3. மண்ணைத் திறந்து பாருங்கள்

பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது வரப்பு ஓரம், எருக்குவித்த இடம், மர நிழல் ஆகியவற்றைத் தவிர்த்து 10, 15 இடத்தில் 'வி' வடிவக் குழி எடுத்து, அரையடி ஆழம் வரை பக்கவாட்டில் செதுக்கி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை நீக்கி நீக்கிக் குறைத்து அரை கிலோ கொண்டுபோங்கள். போர் தண்ணீரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் கட்டணம் மிகக் குறைவு.

தண்ணீர் அறிக்கையில் உப்பு அளவை (ஈ.சி.) பார்க்காமல் மடித்து வைக்காதீர்கள். உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. செடிக்கு அதுவும் வறட்சி மாதிரிதான். தக்காளியைவிட மிளகாய்க்கு உப்பு இன்னும் ஆகாது.

அறிக்கை வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஒன்றரை அடிக் குழி ஒன்று வெட்டுங்கள். என் காட்டில் ஏழாவது அங்குலத்தில் தரை போல ஒரு படலம் இருந்தது. வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் டிராக்டர் ஓட்டி உண்டானது. என்னதான் தண்ணீர் கொடுத்தாலும் வேர் அதில் முட்டி ஓரமாகத் திரும்பும். உளிக்கலப்பை போட்டு ஒன்றேகால் அடி ஆழம் கீறிவிட்டேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். வேளாண் பொறியியல் துறை டிராக்டரை இ-வாடகை செயலியில் பதிவு செய்யலாம், நான் எடுத்தபோது மணிக்கு 500 ரூபாய். மண் காய்ந்திருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் படலம் உடையாது, இன்னொன்று உருவாகும்.

தொழு உரம் ஏக்கருக்கு 5 டன். நன்றாக மக்கியது வேண்டும்.

4. நாற்று வாங்கும்போது வேரைப் பார்த்து வாங்குங்கள்

தக்காளிக்கு 25 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் நாற்று. நிழல்வலையில் குழித்தட்டு நாற்று ஒன்று ஒரு ரூபாயைச் சுற்றி இருக்கும், ரகத்தைப் பொறுத்து ஏறும். லேட்டரல் 4 அடி, டிரிப்பர் (குழாயில் தண்ணீர் சொட்டும் இடம்) 40 செ.மீ. இடைவெளி என்றால் ஏக்கருக்கு சுமார் 8,400 நாற்று, சாவுக்கு நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தட்டிலிருந்து இரண்டு மூன்று நாற்றை உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெள்ளையாக, கட்டி உதிராமல் இருக்க வேண்டும். பழுப்பாகி அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால் வயதான நாற்று. இலை பச்சையை மட்டும் பார்த்து வாங்குவது நான் செய்த தவறு. தண்ணீரும் யூரியாவும் கொடுத்து யாரும் ஒரு வாரத்தில் பச்சையாக்கிவிடலாம்.

எடுப்பதற்கு ஐந்தாறு நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து வெயில் காட்டச் சொல்லி முன்கூட்டியே பேசிவையுங்கள்.

5. நடவு நாள்: தண்ணீர் முன்னால், நாற்று பின்னால்

நடவுக்கு முந்தின நாளே மண் ஒரு அடிக்கு நனைந்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியைத் தவறவிட்டுத்தான் இரண்டாவது முறை தோற்றேன். மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர் என்றால் செவ்வல் மண்ணில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். மும்முனை மின்சாரம் எந்த நேரத்துக்கு வருகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் இரண்டு தவணையாக.

நனைந்ததா என்று தெரிந்துகொள்ள கட்டட வேலைக்குப் போடும் 10 எம்எம் கம்பி மூன்றடி துண்டு ஒன்று வாங்கி, அரையடிக்கு ஒரு கோடு பெயின்ட் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் உள்ளவரை கை அழுத்தத்தில் இறங்கும், காய்ந்த மண்ணில் டக்கென்று நிற்கும். ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தக் கம்பிதான் இன்றுவரை எனக்கு எல்லாக் கருவியையும்விட உதவுகிறது. சரளைக் கல்லில் முட்டி ஏமாற்றும், அதனால் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள்.

நட வேண்டியது சாயங்காலம் நாலு மணிக்கு மேல். குழித்தட்டு நாற்றின் வேர்க்கட்டி தென்னைநார்க் கழிவில் செய்தது. அது ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் மறுபடி எளிதில் நனையாது, தண்ணீர் ஓரமாக வழிந்து மண்ணுக்குள் போய்விடும். சுற்றி மண் ஈரமாக இருக்கும், நடுவில் நாற்று தாகத்தில் சாகும். எனவே தட்டோடு தண்ணீரில் முக்கி எடுத்த பிறகு நடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்த தண்ணீராக இருந்தால் நாற்றழுகலுக்கும் ஆயிற்று. கட்டியின் மேல் விரற்கடை மண் மூடியிருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் காற்று அதன் வழியாகவே ஈரத்தை உறிஞ்சிவிடும்.

தக்காளியைத் தண்டில் ஓரிரு அங்குலம் புதையும்படி நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாயை அப்படி நடாதீர்கள், கழுத்து அழுகும்.

6. முதல் 10 நாள்: ஊட்டலாம்

இந்தப் பத்து நாளில் ஏங்கவிடும் வேலை கிடையாது. வேர் இன்னும் கட்டியை விட்டு வெளியே வரவில்லை. டிரிப்பர் செடியிலிருந்து நாலு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வெயிலில் குழாய் நெளிந்து விலகிவிடும், தினமும் ஒரு நடை நடந்து சரிசெய்யுங்கள். தினம் அரை மணி நேரம், அதாவது செடிக்கு ஒரு லிட்டர். வாய்க்கால் பாசனம் என்றால் நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர்.

மதியம் இலை துவண்டால் பதறாதீர்கள். மாலையில் நிமிர்ந்துவிட்டால் ஒன்றுமில்லை. விடிகாலையிலும் துவண்டிருந்தால்தான் சிக்கல். அப்போதும் வால்வைத் திறக்கும் முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈர மண்ணில் துவண்டு நிற்கும் செடிக்கு மேலும் தண்ணீர் விடுவதைப் போல விரயம் இல்லை. அது வேர் அழுகலாகவோ வாடல் நோயாகவோ இருக்கும்.

7. 11 முதல் 35 நாள் வரை: இடைவெளியை நீட்டுங்கள், அளவைக் கூட்டுங்கள்

இங்கேதான் என் 15 நிமிடக் கணக்கு எவ்வளவு அபத்தம் என்று பின்னால் புரிந்தது. 2 லிட்டர் டிரிப்பர் 15 நிமிடத்தில் அரை லிட்டர் கொடுக்கும். காய்ந்த செவ்வலில் அரை லிட்டர் ஐந்து அங்குலம் போவதே அதிகம், அதிலும் ஒரு பங்கு வெயிலில் ஆவியாகிவிடும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் 4 லிட்டர், அது ஏறக்குறைய ஒரு அடியைத் தொடும். வாரக் கணக்கில் பார்த்தால் என் 15 நிமிடத்தைவிடத் தண்ணீர் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால் அது கீழே இறங்குகிறது.

நான் இப்போது செய்வது:

- 11 முதல் 20ஆம் நாள் வரை: ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம்
- 21 முதல் 35ஆம் நாள் வரை: மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம்

இது செவ்வலுக்கு. கரிசல் மண் அதிகம் பிடித்துவைக்கும், ஐந்தாறு நாள் கூட விடலாம். ஆனால் வெடிப்பு விடும் வரை விடாதீர்கள், வெடிப்பு வேரை அறுக்கும். வெறும் மணல் என்றால் இந்த முறையே வேண்டாம். 4 லிட்டரை ஒரே தடவையில் விட்டால் வேருக்குக் கீழே ஓடிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடிதான் கொடுக்க வேண்டும்.

நாள் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். காற்று வீசும் ஆனியும் பனி விழும் மார்கழியும் ஒன்றல்ல. தண்ணீர் விடும் நாள் காலையில் செடிக்கு அரையடி தள்ளி, அரையடி ஆழத்தில் ஒரு கை மண் எடுத்துப் பிடியுங்கள். உருண்டை பிடித்து, கையில் தூக்கிப்போட்டுப் பிடித்தால் உடைய வேண்டும். உடையாமல் உள்ளங்கையில் சேறு ஒட்டினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் ஒரு நாள் தாமதித்துவிட்டீர்கள். மேல் இரண்டு அங்குலம் காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, நாம் விரும்புவதே அதுதான்.

20ஆம் நாளும் 35ஆம் நாளும் ஒரு செடியைப் பலிகொடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் நுனிவேர் அறுந்து ஏமாற்றும். பக்கத்தில் குழி வெட்டி, பக்கச் சுவரில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்துப் பாருங்கள். 20ஆம் நாள் அரையடியும் 35ஆம் நாள் ஒரு அடியும் தொட்டிருந்தால் எனக்குத் திருப்தி. நாலாயிரம் செடியில் இரண்டு போனால் போகிறது.

8. கருவி வாங்கலாமா?

அரை ஏக்கருக்கு அவசியமில்லை. கையே போதும். இரண்டு ஏக்கருக்கு மேல் என்றால் யோசிக்கலாம். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி புதியவர்களுக்கு எளிது. மண்ணில் குத்தினால் விளக்கு எரியும், நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை போதுமானது, ஆரஞ்சு குறைவு, சிவப்பு மிகக் குறைவு. டென்சியோமீட்டர் (மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று காட்டுவது, காயக் காய எண் ஏறும்) இன்னும் நுணுக்கமானது, சில ஆயிரம் ரூபாய் ஆகும். அரையடியில் ஒன்றும் ஒரு அடியில் ஒன்றும் வைத்து, மேலே உள்ளது 30, 40 சென்டிபார் காட்டும்போது தண்ணீர் விடலாம். கொதித்து ஆறிய தண்ணீரைத்தான் அதில் நிரப்ப வேண்டும். காற்றுக்குமிழி புகுந்தால் அது காட்டும் எண் பொய். வாங்கியவர்களில் பாதிப் பேர் இதனால்தான் மூலையில் போட்டுவைத்திருக்கிறார்கள்.

9. மழை வந்தால்

இடையில் பெருமழை பெய்தால் பாத்தியில் தண்ணீர் ஒரு நாள்கூட நிற்க விடாதீர்கள். வடிகால் வாய்க்காலை நடவுக்கு முன்பே எடுத்து வைத்திருங்கள், மழையில் நனைந்துகொண்டே மண்வெட்டியோடு ஓடிய அனுபவம் எனக்குப் போதும். மழைக்குப் பிறகு மேலே இறுகும் பொருக்கை லேசாகக் கொத்திவிட்டால் காற்று உள்ளே போகும். ஆழமாகக் கொத்தாதீர்கள். நாள் கணக்கை மழை நின்ற நாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள், அதுவும் கைமண் பரிசோதனை செய்த பிறகு.

மல்ச்சிங் ஷீட் (பாத்தியை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) போட்டிருந்தால் மழை உள்ளே அதிகம் போகாது, வெயிலும் ஈரத்தை எடுக்காது. மேலே பார்த்து எதையும் சொல்ல முடியாது, செடித் துளை வழியாகக் கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். இடைவெளியை இன்னும் ஒரு நாள் நீட்டலாம்.

10. எப்போது நிறுத்துவது?

தக்காளியில் முதல் பூங்கொத்து விரிந்ததும் ஏங்கவிடும் வேலையை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஈரம் ஏறி இறங்கினால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகப் போகாது, காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கும். மிளகாயில் பூ உதிரும். அளவை அப்படியே வைத்துக்கொண்டு இடைவெளியை மட்டும் மூன்று நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைக்கிறேன், காய் பெருக்கும்போது தினமும். வேர் ஒரு அடியில் இருப்பதால் நடுவில் ஒரு நாள் கரண்ட் போனாலும் அவசரமில்லை.

போன தை நடவில் மறுபடி மோட்டார் நின்றது. இந்த முறை ஃபுட்வால்வு. நாலு நாள் ஆனது. மதியத்தில் இலை சுருண்டது, சாயங்காலம் நிமிர்ந்துகொண்டது. பெரியவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "மோட்டாரையும் பாரு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.